பனிப்பூவுக்கு ஏன் ஆறு கை?

1611 புத்தாண்டுக்கு யோகான்னஸ் கெப்ளர் தன் நண்பருக்கு ஒரு பரிசு கொடுத்தார். கெப்ளர் அப்போது பிராக் நகரில், பேரரசர் இரண்டாம் ருடால்ஃபின் அரசவைக் கணிதர். பதவி பெரியது, சம்பளம்தான் ஒழுங்காகக் கைக்கு வராது. நண்பர் வாக்கர் வான் வாக்கன்ஃபெல்ஸோ அரசவையில் செல்வாக்கு மிக்கவர், கெப்ளரை ஆதரித்தவர். அவருக்கு என்ன கொடுப்பது என்ற யோசனையோடு பாலத்தைக் கடந்துகொண்டிருந்தபோது கெப்ளரின் மேலங்கியில் வெண்பனி விழுந்தது. உற்றுப் பார்த்தார். விழுந்த ஒவ்வொன்றுக்கும் ஆறு கை.

பரிசு கிடைத்துவிட்டது. லத்தீனில் 24 பக்கங்களில் ஒரு சிறு நூல் எழுதினார். அதில் உள்ளது அடிப்படையில் ஒரே கேள்விதான்: ஏன் ஆறு? தற்செயல் என்றால் சில ஐந்தாகவும் சில ஏழாகவும் விழ வேண்டுமே?

விடை தேடி கெப்ளர் தேனடைக்குப் போனார், நெருக்கியடித்துக் கிடக்கும் மாதுளை முத்துகளுக்குப் போனார், அப்புறம் பீரங்கிக் குண்டுகளுக்கு வந்தார். கப்பலில் குண்டுகளை எப்படி அடுக்குவது என்ற கணக்கை கடலோடி வால்டர் ராலேவுக்காக ஆராய்ந்த ஆங்கிலேயக் கணிதர் தாமஸ் ஹாரியட், கெப்ளரோடு கடிதத் தொடர்பில் இருந்தவர். ஒரே அளவுள்ள உருண்டைகளைத் தரையில் நெருக்கமாகப் பரப்பினால், ஒவ்வொன்றையும் சரியாக ஆறு உருண்டைகள் சூழ்ந்துகொள்ளும். நீராவியும் கண்ணுக்குத் தெரியாத உருண்டைகளாகத் திரண்டு இப்படித்தான் அடுக்காகிறதோ என்று கெப்ளர் யோசித்தார். அணுக்களை நேரில் காண எந்த வழியும் இல்லாத காலம் அது. வெளியே தெரியும் வடிவத்துக்குக் காரணம் உள்ளே நுண்துகள்கள் அடுக்கப்பட்டிருக்கும் முறையாக இருக்கலாம் என்று அப்போதே தோன்றியதை நினைத்தால் எனக்கு இன்றும் மலைப்பாக இருக்கிறது. ஆனால் அந்த விளக்கம் அவருக்கே திருப்தி தரவில்லை. மீதியை வேதியியலாளர்கள் பார்த்துக்கொள்ளட்டும் என்று நூலை முடித்துவிட்டார்.

போகிற போக்கில் அதில் இன்னொன்றும் சொல்லியிருந்தார்: உருண்டைகளைப் பீரங்கிக் குண்டுகள்போல் மேல்மேலாகக் குவிப்பதைவிட நெருக்கமாக அடுக்க வழியே இல்லை. இந்த அடுக்கில் உருண்டைகள் சுமார் 74 சதவீத இடத்தை நிரப்பும். பழக்கடைக்காரர் எவரும் ஒப்புக்கொள்ளும் இந்த விஷயத்தை நிரூபிக்கக் கணிதத்துக்கு ஏறக்குறைய 400 ஆண்டுகள் பிடித்தன. 1998இல் தாமஸ் ஹேல்ஸ் கணினி உதவியோடு நிரூபணம் தந்தார். சரிபார்த்த நிபுணர்கள் 99 சதவீதம் உறுதி என்றார்கள். அது போதாது என்று ஹேல்ஸ் குழு ஒவ்வொரு படியையும் கணினியைக் கொண்டே சோதித்து 2014இல்தான் வேலையை முடித்தது.

சரி, பனிக்கு வருவோம். எக்ஸ் கதிர்களால் படிகங்களுக்குள் பார்க்க முடிந்த பிறகுதான், 20ஆம் நூற்றாண்டில், விடை துலங்கியது. பனிக்கட்டியில் ஒவ்வொரு நீர் மூலக்கூறும் தன்னைச் சுற்றி நான்கு மூலக்கூறுகளோடு ஹைட்ரஜன் பிணைப்பால் கைகோத்துக்கொள்கிறது. இந்த நான்கு பிணைப்புகளும் குறிப்பிட்ட கோணத்தில் விரிவதால், மூலக்கூறுகள் ஆறு ஆறாகச் சேர்ந்து வளையங்களாகின்றன. ஆக, அடுக்குதான் காரணம் என்ற கெப்ளரின் ஊகம் சரி. நெருக்கமான அடுக்கு என்றதுதான் தவறு. அந்த வளையங்களின் நடுவே காலியிடம் இருக்கிறது. பனிக்கட்டி தண்ணீரில் மிதப்பதும் அதனால்தான்.

வளையம் மிக மிகச் சிறியது. அது எப்படிக் கண்ணுக்குத் தெரியும் ஆறு கைகளாகிறது? மேகத்தில் ஒரு தூசியைப் பற்றிக்கொண்டு உறையும் நீர்த்துளி, முதலில் ஆறு பக்கமுள்ள நுண்ணிய பட்டகமாகிறது. வழவழப்பான பக்கங்களில் புதிய மூலக்கூறுகள் எளிதில் ஒட்டுவதில்லை. கரடுமுரடான இடங்கள் சட்டென்று நிரம்பிவிடுகின்றன. அதனால் தட்டையான பக்கங்களே மிஞ்சுகின்றன. படிகம் வளர வளர, அதன் ஆறு முனைகளும் ஈரக் காற்றுக்குள் சற்று நீட்டிக்கொண்டு நிற்கும். நீராவி முதலில் கிடைப்பது அவற்றுக்குத்தான். நீட்டியது மேலும் நீள்கிறது, கையாகிறது, கையில் கிளை விடுகிறது.

ஆறு கைகளும் ஒரே மாதிரி இருக்க அவை ஒன்றோடொன்று பேசிக்கொள்ளத் தேவையில்லை. படிகம் மேகத்தில் அலையும்போது ஆறும் ஒரே வெப்பநிலையை, ஒரே ஈரப்பதத்தை ஒரே நேரத்தில் சந்திக்கின்றன. உண்மையில், ஆறு கைகளும் அச்சு அசலாக ஒத்திருக்கும் படிகங்கள் குறைவு. கோணல்மாணலாக விழுபவையே அதிகம்.

பனிப்படிகத்தை ஆய்வகத்தில் வளர்த்துக் காட்டியவர் ஜப்பானின் ஹொக்கைடோ பல்கலைக்கழகத்தைச் சேர்ந்த உகிச்சிரோ நாகயா. அதை எதில் வளர்ப்பது என்பதே பெரும் பாடு. நூலில் தொங்கவிட்டால் உறைபனி மொத்தமாக அப்பிக்கொண்டது. கடைசியில் கைகொடுத்தது முயல் முடி. 1936இல் அதன்மேல் செயற்கைப் பனிப்படிகம் உருவானது. பிறகு அவர் வெப்பநிலையையும் ஈரப்பதத்தையும் மாற்றி மாற்றி வளர்த்துப் பார்த்தார். மைனஸ் 2 டிகிரி செல்சியஸ் அளவில் தட்டுகள், மைனஸ் 5ஐ ஒட்டி ஊசிகளும் தூண்களும், மைனஸ் 15ஐ ஒட்டி நாம் படங்களில் பார்க்கும் கிளைவிட்ட நட்சத்திரங்கள். ஒரு படிகத்தின் வடிவத்தைப் பார்த்தே அது கடந்து வந்த மேகத்தின் நிலையை ஓரளவு சொல்லிவிடலாம்.

கிறிஸ்துமஸ் வாழ்த்து அட்டைகளிலும் அலங்காரத் தாள்களிலும் எட்டுக் கைப் பனிப்பூக்கள் நிறைய உண்டு. தாளை மடித்து வெட்டுவதற்கு எட்டுதான் வசதி. இயற்கை அப்படி ஒன்றை உருவாக்குவதில்லை. ஆனால் பன்னிரண்டு கைகளோடு ஒன்றைப் பார்த்தால் நம்பலாம்: இரண்டு படிகங்கள் முப்பது டிகிரி திரும்பிய நிலையில் நடுவில் ஒட்டிச் சேர்ந்தே வளர்ந்தவை அவை.