கவிழ்க்காத பக்கெட்

"துண்டு எடுக்கத்தான் டாக்டர் போனேன்." அந்த அம்மா இதையே நாலைந்து முறை சொன்னார். அவர் முழங்கையில் சோப்பு நுரை திட்டுத் திட்டாகக் காய்ந்திருந்தது. பதினொரு மாதப் பெண் குழந்தை. குளிப்பாட்டி முடித்துப் பாத்ரூம் தரையில் உட்கார வைத்துவிட்டு, கொடியில் கிடந்த துண்டை எடுக்கப் போயிருக்கிறார். நாலு வயது அண்ணன்தான் காவல். திரும்பி வந்தபோது பக்கெட்டுக்கு மேலே இரண்டு கால்கள் மட்டும் தெரிந்திருக்கின்றன. பக்கத்து வீட்டு நர்ஸ் ஓடிவந்து வாயில் ஊதியதால் குழந்தை பிழைத்தது.

என்னிடம் வரும் தாய்மார்கள் குளியல் என்றதும் எந்த சோப்பு, எந்த எண்ணெய், சளி பிடிக்குமா என்றுதான் கேட்பார்கள். பக்கெட்டைப் பற்றி ஒருவரும் கேட்டதில்லை. வெளிநாட்டுப் புத்தகங்கள் குளியல் தொட்டியைச் சொல்லி எச்சரிக்கும். நம் வீட்டில்தான் தொட்டி இல்லையே என்று நாமும் பக்கத்தைப் புரட்டிவிடுகிறோம். ஆனால் இரண்டு நாளைக்கு ஒருமுறை தண்ணீர் வரும் தெருவில் பக்கெட், அண்டா, டிரம் எல்லாமே நிறைந்துதானே நிற்கின்றன?

பிடித்துக்கொண்டு நிற்கப் பழகும் வயதில் உடம்பில் தலைதான் பாரம். பக்கெட் விளிம்பு நெஞ்சு உயரத்துக்கு வரும். மிதக்கிற மக்கை எட்டி எடுக்கக் குனிந்தால் தலைகுப்புறப் போய்விடும். கை ஊன்றி எழும்பப் பலம் போதாது. காலிப் பக்கெட் என்றால் குழந்தையோடு சாய்ந்துவிடும். பாதி நிறைந்தது கல் மாதிரி அசையாது. சத்தமும் கேட்காது, வாய் தண்ணீருக்குள் இருக்கும்போது எப்படி அழும்? மூக்கும் வாயும் முங்க இரண்டு அங்குலத் தண்ணீர் போதும்.

அதனால் குளிப்பாட்டி முடித்த கையோடு பக்கெட்டைக் கவிழ்த்துவிடுங்கள். தண்ணீரைக் கொட்ட மனசு வராவிட்டால் இறுக மூடுகிற டிரம்மில் ஊற்றுங்கள். பாத்ரூம் கதவுக்கு வெளியே, குழந்தைக்கு எட்டாத உயரத்தில் ஒரு தாழ்ப்பாள் போடுங்கள். துண்டும் மாற்றுத்துணியும் பக்கத்தில் வந்த பிறகுதான் சட்டையைக் கழற்ற வேண்டும். மறந்துவிட்டீர்களா? சரி, ஈரத்தோடு இடுப்பில் தூக்கிக்கொண்டு போங்கள். போன் அடித்தால் அடிக்கட்டும்.

வெந்நீர் விளாவும்போது முதலில் பச்சைத் தண்ணீர், அப்புறம் வெந்நீர். பாட்டியின் உள்ளங்கை அடுப்படியில் சூடு தாங்கிப் பழகியது. அதை நம்பாமல் முழங்கையை விட்டுப் பாருங்கள். 60 டிகிரி வெந்நீர் பிஞ்சுத் தோலை சில விநாடிகளில் வேகவைத்துவிடும். பட்டுவிட்டால் 20 நிமிடம் குழாய்த் தண்ணீரில் காட்டுங்கள். இட்லி மாவு, பற்பசை, மை எதுவும் வேண்டாம். தண்ணீரைச் சூடாக்க மின்சாரக் கம்பிச்சுருள் (காயில் ஹீட்டர்) போட்ட பக்கெட் இருக்கிற அறைக்குள் குழந்தையை விடவே கூடாது.

காலில் போட்டுக் குளிப்பாட்டுவதில் எனக்கு ஆட்சேபம் இல்லை. பிடி நன்றாகவே இருக்கும். குளிப்பாட்டும்போது மூக்கில் எண்ணெய் விடுவதும், அதே மூக்கில் வாய் வைத்து ஊதுவதும்தான் வம்பு. எண்ணெய் நுரையீரலுக்குள் இறங்கி நிமோனியாவாக வந்த குழந்தைகளைப் பார்த்திருக்கிறேன். இதைச் சொன்னால் பாட்டிகளுக்குக் கோபம் வருகிறது, வரட்டும்.

முங்கிய குழந்தையைத் தலைகீழாகப் பிடித்துச் சுற்றாதீர்கள், வயிற்றை அமுக்காதீர்கள். மூச்சு இல்லையென்றால் ஒருவர் 108-ஐ அழைக்க, இன்னொருவர் உடனே ஊத வேண்டும். ஒரு வயதுக்குள் என்றால் மூக்கையும் வாயையும் சேர்த்து உங்கள் வாயால் மூடி, மார்பு எழும்பும் அளவுக்கு மெல்ல ஊதுங்கள். பிறகும் அசைவில்லையா, நடுநெஞ்சில் ஒரு உள்ளங்கையின் அடிப்பகுதியால் வேகமாக 30 முறை அழுத்தி, 2 முறை ஊதி, ஆம்புலன்ஸ் வரும்வரை மாற்றி மாற்றிச் செய்யுங்கள். மூச்சு திரும்பினாலும் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுவந்தே ஆக வேண்டும்; சில மணி நேரம் கழித்தும் மூச்சுத் திணறல் வரலாம்.

அந்தக் குழந்தை ஒன்றரை வயதுத் தடுப்பூசிக்கு வந்திருந்தாள். பக்கெட் எப்படி இருக்கிறது என்று கேட்டேன். "கவுத்துத்தான் வச்சிருக்கோம் டாக்டர். இவ அது மேல தட்டித் தட்டி மேளம் அடிக்கிறா, மத்தியானம் ஒருத்தரும் தூங்க முடியல."