பேஸ் கிட்டார் வாங்கும்போது முதலில் கை, அப்புறம் காது

விலை குறைந்த பேஸ் கிட்டாரைக் கடையில் செருகி வாசித்துப் பார்க்கும்போது காதில் விழும் ஒலியில் பெரும்பங்கு அந்தக் கிட்டாருடையதே அல்ல. மாதக்கணக்கில் பலர் கை பட்டு அழுக்கேறிய கம்பிகள், மூலையில் கிடக்கும் சின்ன ஆம்ப் (ஒலிபெருக்கி), கடைக்காரர் திருகி வைத்த குமிழ்கள் எல்லாம் சேர்ந்த ஒலி அது. வீட்டுக்கு வந்து புதுக் கம்பி மாட்டினால் ஆளே மாறிவிடும். ஆனால் முறுக்கிக்கொண்ட நெக் (இடது கை பிடிக்கும் நீண்ட கழுத்து) வீட்டுக்கு வந்தாலும் முறுக்கியேதான் இருக்கும். அதனால் 15,000 ரூபாயிலிருந்து 30,000 ரூபாய்க்குள் பேஸ் தேடுகிறவர்கள் முதலில் கையை நம்புவது நல்லது. காது சொல்வதை அப்புறம் கேட்டுக்கொள்ளலாம்.

காதை ஏன் நம்பக் கூடாது? நான்கு கம்பி பேஸில் மிகத் தடித்தது ஈ கம்பி. அது விநாடிக்கு 41.2 முறை அதிர்கிறது. அடுத்தடுத்த ஏ, டி, ஜி கம்பிகளுக்கு முறையே 55, 73.4, 98 ஹெர்ட்ஸ். பழகுவதற்கென்று விற்கிற எட்டு அங்குல ஸ்பீக்கர் ஆம்ப், 41 ஹெர்ட்ஸைப் பெயருக்குத்தான் வெளியே விடும். இருந்தும் ஈ கம்பியின் சுரம் நமக்குச் சரியாகவே கேட்கிறது. காரணம், கம்பி ஒரே ஒரு வேகத்தில் அதிர்வதில்லை, 41.2 உடன் 82.4, 123.6, 164.8 என்று அதன் மடங்குகளும் கூடவே ஒலிக்கின்றன. இந்த மடங்குகளுக்கு நடுவே உள்ள சீரான இடைவெளியைப் பிடித்துக்கொண்டு, வந்து சேராத அடிச்சுரத்தை மூளை தானாக நிரப்பிக்கொள்கிறது. டீக்கடை ரேடியோவின் கையகல ஸ்பீக்கரில் இளையராஜா பாட்டுகளின் பேஸ் வரிகளை ஊரே மனப்பாடம் செய்ய முடிந்தது இந்தப் புண்ணியத்தில்தான். பாட்டு கேட்க இது வசதி. கிட்டாரை எடைபோட உதவாது. மூளை இட்டு நிரப்பியதைக் கேட்டுவிட்டு ‘அடி நல்லா கனமா இருக்கு’ என்று சொல்லிவிடுவோம்.

சத்தமும் ஏமாற்றும். தாழ்ந்த சுரங்களுக்குக் காது கொஞ்சம் மந்தம். சத்தத்தைக் கூட்டக் கூட்ட அந்த மந்தம் குறைந்துகொண்டே வரும். ஃப்ளெட்சர், மன்சன் என்ற ஆய்வாளர்கள் 1933இல் இதை அளந்து வரைபடமாகவே வெளியிட்டார்கள். விளைவு, இரண்டு பேஸ்களில் எதன் வெளியீடு சற்றுப் பலமோ அதுதான் ‘செழிப்பாக’ இருப்பதாகத் தோன்றும். ஒன்பது வோல்ட் பேட்டரி போடும் ஆக்டிவ் பேஸ் கடையில் பாஸாவது பல நேரம் இதனால்தான். ஆம்ப்பின் வால்யூமைத் திருகி இரண்டையும் ஒரே சத்தத்துக்குக் கொண்டுவந்து, டோன் குமிழ்களை நடுவில் நிறுத்திவிட்டுக் கேட்டால் வித்தியாசத்தில் பாதி காணாமல் போகும்.

சரி, விலையைக் குறைக்க எங்கே கை வைக்கிறார்கள்? இன்று கடையில் தொங்கும் மலிவு பேஸ்களில் பெரும்பாலானவை, லியோ ஃபெண்டர் கலிஃபோர்னியாவின் ஃபுல்லர்டனில் 1951இல் வெளியிட்ட பிரிசிஷன் பேஸின் வழிவந்தவை. நெக்கின் நுனியில் கம்பிகளைத் தாங்கும் நட்டிலிருந்து உடம்பில் அவற்றைத் தாங்கும் பிரிட்ஜ் வரை 34 அங்குலக் கம்பி நீளம், நெக்கின் குறுக்கே பதித்த உலோக ஃப்ரெட்டுகள், போல்ட் போட்டு முடுக்கிய நெக். அடிப்படை இன்றும் அதேதான். ஃபெண்டரின் மலிவு பிராண்டான ஸ்குவையர் 1982இல் ஜப்பானில் தொடங்கியது. இப்போது இந்தோனேசியாவிலும் சீனாவிலும் தயாராகிறது. மரத்தை வெட்டுவது கணினி ஓட்டும் இயந்திரம். விலை பத்து மடங்கு ஏறினாலும் அந்த வெட்டின் துல்லியம் பத்து மடங்கு ஏறுவதில்லை. மிச்சம் பிடிப்பது மனிதக் கை செலவழிக்கும் நேரத்தில். ஃப்ரெட்டுகளை ஒரே மட்டத்துக்குத் தேய்ப்பது, முனைகளை உருட்டுவது, நட்டில் கம்பிக்கான பள்ளத்தைச் சரியான ஆழத்துக்கு அறுப்பது எல்லாம் பொறுமை கேட்கும் வேலைகள். இந்த வேலைகளில் விட்ட குறை ஆம்ப் வழியாகச் சட்டென்று தெரியாது. விரலுக்கு உடனே தெரிந்துவிடும்.

எனவே கேபிளைச் செருகுவதற்கு முன் உள்ளங்கையை நெக்கின் ஓரமாக மேலும் கீழும் ஓட்டிப் பாருங்கள். ஃப்ரெட் முனைகள் குத்துகிறதா? மரம் ஈரத்துக்கு ஏற்ப அகலவாக்கில் விரிந்து சுருங்கும், உலோகம் அப்படிச் சுருங்காது. ஈரப்பதமான ஊரில் செய்த கிட்டார் ஏசி ஷோரூமில் காய்ந்து கிடக்கும்போது ஃபிங்கர்போர்டு (ஃப்ரெட் பதித்த மேல்பலகை) சுருங்கி ஃப்ரெட் முனைகள் வெளியே துருத்தும். இது அரம் வைத்துச் சரிசெய்யக்கூடிய குறைதான், பேரம் பேசவும் உதவும். ஃபிங்கர்போர்டு என்றதும் ஒன்று நினைவுக்கு வருகிறது. ஈட்டி மரக் குடும்பம் முழுவதும் 2017இல் சர்வதேச வணிகக் கட்டுப்பாட்டுக்குள் வந்தபிறகு, பல மலிவு பேஸ்கள் ‘இந்தியன் லாரல்’ மரத்துக்கு மாறின. கிட்டாரின் விவரப் பட்டியலில் அன்னியமாகத் தெரியும் அந்தப் பெயர் வேறு எதுவுமில்லை, நம் காடுகளில் வளரும் கருமருதுதான்.

அடுத்து நெக்கின் வளைவு. நான்கு கம்பிகளும் சேர்ந்து ஏறத்தாழ 75 கிலோ எடைக்குச் சமமாக நெக்கை இழுத்துக்கொண்டே இருக்கின்றன. நெக் வில் மாதிரி முன்னால் வளையப் பார்க்கும். அதை எதிர்த்துப் பிடிக்க உள்ளே டிரஸ் ராட் என்ற எஃகுத் தண்டு ஓடுகிறது. அதை முறுக்கினால் நெக் நிமிரும், தளர்த்தினால் வளையும். முழுக்க நிமிர்ந்த நெக்கும் ஆகாது. அதிரும் கம்பி நடுவில்தான் அதிகம் விரிந்து ஆடும். அதற்கு இடம் விட்டு நெக் லேசாகக் குழிந்திருக்க வேண்டும். பார்ப்பது சுலபம். ஈ கம்பியை முதல் ஃப்ரெட்டில் இடது கையாலும் கடைசி ஃப்ரெட்டில் வலது முழங்கையாலும் அழுத்திக்கொண்டு, ஏழு எட்டாவது ஃப்ரெட் பக்கம் கம்பிக்கும் ஃப்ரெட்டுக்கும் நடுவே எட்டிப் பாருங்கள். மெல்லிய விசிட்டிங் கார்டு ஒன்று உரசாமல் நுழைகிற அளவு, அதாவது சுமார் 0.3 மில்லிமீட்டர் இடைவெளி இருந்தால் போதும். அதிகமாக இருந்தால் டிரஸ் ராடைக் கால் சுற்றுத் திருகிக் காட்டும்படி கடைக்காரரிடம் கேளுங்கள். டிரஸ் ராடின் திருகு ஏற்கெனவே கடைசிவரை முறுக்கியிருந்தாலோ, திருகியும் நெக் அசையாவிட்டாலோ, அந்தக் கிட்டாரை அப்படியே மாட்டிவிட்டு நகருங்கள். அதேபோல ஹெட்ஸ்டாக் (கம்பி முறுக்கும் சாவிகள் உள்ள நுனி) பக்கமிருந்து ஒரு கண்ணை மூடிக்கொண்டு நெக்கின் இரு ஓரங்களையும் பார்த்தால் முறுக்கு தெரியும். இதற்கு வைத்தியம் இல்லை.

கம்பியின் உயரம், அதாவது ஆக்‌ஷன், பிரிட்ஜில் உள்ள சின்ன ஸ்க்ரூக்களால் மாறுவது. பதினேழாவது ஃப்ரெட்டில் ஈ கம்பிக்கு 2.4 மில்லிமீட்டர் அளவு வழக்கமான தொடக்கம். கடையில் ஆக்‌ஷன் உயரமாக இருக்கிறதே என்று ஒரு நல்ல பேஸைக் கழித்துவிடக் கூடாது. நட் மட்டும் வேறு விஷயம். அங்கே பள்ளம் ஆழம் போதாவிட்டால் முதல் ஃப்ரெட்டில் அழுத்த விரல் வலிக்கும், கம்பி கூடுதலாக இழுபட்டுச் சுரமும் ஏறிப் போகும். ட்யூனர் ஆப் ஒன்றைத் திறந்துகொண்டு முதல் ஃப்ரெட்டை வாசித்தாலே தெரிந்துவிடும்.

‘இந்த பேஸ் தொளதொளன்னு இருக்கு’ என்று சொல்கிறவர்கள் பெரும்பாலும் குறைசொல்வது கம்பியைத்தான். ஒரே சுரத்துக்குக் கம்பியின் இழுவிசை அதன் எடையையும் நீளத்தின் வர்க்கத்தையும் பொறுத்தது. ஈ கம்பியை 0.100 அங்குலத்திலிருந்து 0.105க்கு மாற்றினால் இழுவிசை சுமார் 10 சதவீதம் கூடும். 34 அங்குலத்துக்குப் பதில் 30 அங்குல ஷார்ட் ஸ்கேல் எடுத்தால் அதே கம்பிக்கு 22 சதவீதம் குறையும். சின்னக் கை உள்ளவர்களுக்கு ஷார்ட் ஸ்கேல் இதமாக இருப்பது இதனால். ஃப்ரெட்டுகள் நெருங்கியிருப்பது இன்னொரு காரணம். புதுக் கம்பியின் பளிச்சென்ற ஒலி, அதன் மேல் சுற்றியிருக்கும் சுருள்களுக்கு நடுவே வியர்வையும் எண்ணெயும் இறங்க இறங்கச் செத்துப்போகும், ஏனென்றால் அந்த அழுக்கு முதலில் தின்பது மேல் மடங்குகளைத்தான். சென்னை வியர்வைக்குக் கேட்கவே வேண்டாம்.

இப்போது, இன்னும் கேபிள் செருகாமலேயே, ஜி கம்பியில் நான்காவது ஃப்ரெட்டிலிருந்து எட்டாவது வரை ஒவ்வொரு சுரமாக வாசித்து, தானாக அடங்கும் வரை விடுங்கள். எங்காவது ஒரு சுரம் மட்டும் பக்கத்துச் சுரங்களைவிடச் சீக்கிரம் மங்கும். பல பேஸ்களில் அது ஐந்தாவது அல்லது ஆறாவது ஃப்ரெட் பக்கம், 130 முதல் 140 ஹெர்ட்ஸ் அளவில் இருக்கும். ‘டெட் ஸ்பாட்’ என்பார்கள். நெக்குக்கென்று சில அதிர்வெண்கள் உண்டு. கம்பியின் சுரம் அதில் ஒன்றோடு பொருந்தினால் கம்பியின் ஆற்றலை நெக் உறிஞ்சிக்கொண்டு தான் ஆடத் தொடங்கும். ஜெர்மனியில் ஹெல்முட் ஃப்ளைஷர் இதை ஆய்வகத்தில் அளந்து காட்டியிருக்கிறார்: நெக் எந்த ஃப்ரெட்டில் எளிதாக ஆடுகிறதோ அங்கேதான் சுரம் சாகிறது. அதே சுரத்தை டி கம்பியின் பத்தாவது ஃப்ரெட்டில் வாசித்தால் பல சமயம் நன்றாக நிற்கும். அங்கே நெக் உடம்புக்கு அருகில் இருப்பதால் அசைவு குறைவு. ஹெட்ஸ்டாக்கை ஒரு கையால் இறுக்கிப் பிடித்துக்கொண்டு மறுபடி வாசித்துப் பார்த்தால் மங்கும் சுரம் சற்று இடம்மாறுவதைக்கூடக் கேட்கலாம், ஏனென்றால் கையின் எடை நெக்கின் அதிர்வெண்ணைக் கீழே இறக்குகிறது. விலை உயர்ந்த பேஸ்களிலும் இந்தக் கோளாறு உண்டு, ஆகவே லேசாக இருந்தால் பொறுத்துப் போகலாம். அடித்ததும் ‘டொக்’ என்று நின்றுவிட்டால் வேண்டாம்.

கேபிளைச் செருகியதும் முதலில் வாசிக்காமல் சும்மா இருங்கள். பிக்கப் என்பது காந்தமும் அதைச் சுற்றிய மயிரிழைச் செம்புக் கம்பியும்தான். எஃகுக் கம்பி மேலே ஆடும்போது காந்தப்புலம் கலைந்து சுருளில் மின்சாரம் பிறக்கிறது. சுவரில் ஓடும் 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தையும் அது அப்படியே வாங்கிக்கொள்ளும். பிரிசிஷன் பேஸுக்கு 1957இல் வந்த இரண்டு துண்டு பிக்கப் எதிரெதிராகச் சுற்றியது என்பதால் இந்த இரைச்சல் தானே கழிந்துவிடும். இரண்டு தனித்தனி பிக்கப் உள்ள ஜாஸ் பேஸ் வகையில் இரண்டு வால்யூமும் முழுக்கத் திறந்தால்தான் கழியும், ஒன்றைக் குறைத்தால் இரையும். அது குறையல்ல, அமைப்பே அப்படி. கம்பியைத் தொட்டதும் இரைச்சல் குறைந்தால் எர்த் வேலை செய்கிறது என்று பொருள். தொட்டதும் கூடினால் வயரிங்கைச் சந்தேகப்படலாம்.

பிக்கப்பின் தரத்தைவிட அது நிற்கும் இடம் முக்கியம் என்பது என் எண்ணம். கம்பி அதிரும்போது ஒவ்வொரு மடங்குக்கும் அசையாத புள்ளிகள் சில உண்டு. அந்தப் புள்ளிக்கு நேர் கீழே பிக்கப் இருந்தால் அந்த மடங்கு அதற்குக் கேட்காது. பிரிட்ஜ் பக்கம் போகப் போகக் கம்பியின் தாழ்ந்த அசைவு சிறுத்துவிடும், ஒலி மெலிந்து கூர்மையாகும். எந்த இடத்தில் விரலால் மீட்டுகிறோம் என்பதற்கும் இதே கணக்குதான். உடம்பு எந்த மரம் என்ற விவாதத்தில் நான் நேரம் செலவழிக்க மாட்டேன். பிக்கப் கேட்பது எஃகுக் கம்பியை. மரத்தின் எடையைப் பாருங்கள், போதும்: பெல்ட் மாட்டி நின்று இரண்டு கையையும் விட்டால் ஹெட்ஸ்டாக் தரையைப் பார்த்துச் சரியக் கூடாது. சரிந்தால் வாசிக்கும் நேரமெல்லாம் இடது கை அதைத் தாங்கியே களைத்துப் போகும்.

எல்லாம் பிடித்துப்போய்ப் பணம் கட்டும்போது, நீங்கள் வாசித்துப் பார்த்த அதே கிட்டாரையே கட்டித் தரச் சொல்லுங்கள். ‘உள்ளே பிரிக்காத பெட்டி இருக்கு, புதுசா எடுத்துத் தர்றேன்’ என்பார்கள். ஒரே மாடல், ஒரே நிறம் என்றாலும் மரத்துக்கு மரம் நெக் வேறு. அந்தப் பெட்டிக்குள் இருப்பதன் ஐந்தாவது ஃப்ரெட் எப்படி ஒலிக்கும் என்று அவருக்கும் தெரியாது.