வேலையின்மை 3.2 சதவீதம்: அந்தக் கணக்கில் நம்ம வீட்டுப் பிள்ளை எங்கே?

நாகர்கோவிலில் வேலைவாய்ப்பு ஆலோசகராக இருக்கிறேன். கம்பெனிகளுக்கு ஆள் தேடிக் கொடுப்பது பாதி வேலை. படித்து முடித்த பிள்ளைகளோடும் அவர்களைக் கூட்டிக்கொண்டு வரும் அப்பா அம்மாவோடும் பேசுவது மீதிப் பாதி. அந்த மீதிப் பாதியில் அடிக்கடி வரும் கேள்வி இதுதான்: "நாட்டுல வேலையில்லாதவங்க குறைஞ்சாச்சுன்னு பேப்பர்ல போட்டிருக்கு சார். எனக்க மவன் பி.இ. முடிச்சு ரெண்டு வருசமா வீட்லதான் இருக்கான். அப்போ குறை அவன்கிட்டயா?"

பேப்பரில் போட்டது பொய் இல்லை. பையனிடமும் பெரும்பாலும் குறை இல்லை. இரண்டும் எப்படி ஒரே நேரத்தில் உண்மையாக முடியும் என்பதைக் கொஞ்சம் விவரமாகச் சொல்கிறேன். இது புரியாததால் பல வீடுகளில் பிள்ளைகள் வீண் பழி சுமக்கிறார்கள்.

இந்தியாவின் வேலையின்மைக் கணக்கு, தேசியப் புள்ளியியல் அலுவலகம் 2017 முதல் நடத்தும் தொழிலாளர் கணக்கெடுப்பில் இருந்து வருகிறது. பி.எல்.எஃப்.எஸ். என்று செய்திகளில் பார்த்திருப்பீர்கள். 15 வயதுக்கு மேற்பட்டவர்களில் வேலையின்மை 2017-18இல் 6 சதவீதம். 2023-24இல் அது 3.2. கிட்டத்தட்ட பாதியாகக் குறைந்துவிட்டது.

ஆனால் இந்த 3.2, நூறு பேரில் 3.2 பேர் அல்ல. வேலை பார்ப்பவர்கள், வேலை தேடுபவர்கள் இருவரையும் சேர்த்தால் வருவது உழைப்பாளர் படை. அதற்குள்தான் இந்த 3.2. அதே ஆண்டில் 15 வயதுக்கு மேற்பட்ட நூறு பேரில் சுமார் 60 பேர்தான் அந்தப் படையில் இருந்தார்கள். 60இல் 3.2 சதவீதம் என்றால் சுமார் 2 பேர். மிச்சம் 40 பேர் படிக்கிறவர்கள், வீட்டைப் பார்த்துக்கொள்பவர்கள், வயதானவர்கள், தேடித் தேடி அலுத்துத் தேடுவதையே நிறுத்திவிட்டவர்கள். இந்த 40 பேர் வேலையின்மைக் கணக்கின் பக்கமே வருவதில்லை.

சரி, 'வேலை பார்ப்பவர்' என்று யாரை எழுதுகிறார்கள்? இங்கேதான் விஷயம் இருக்கிறது. மார்த்தாண்டம் பக்கம் ஒரு வீடு என்று வைத்துக்கொள்வோம்.

அப்பா ரப்பர் தோட்டத்தில் பால் வெட்டுகிறார். மழை நாளில் வெட்டு இல்லை. இலையுதிர்ந்து நிற்கும் மாசி, பங்குனியிலும் வெட்டு நின்றுவிடும். ஆனாலும் ஆண்டின் பெரும்பகுதி வேலை செய்தவர், எனவே வேலை பார்ப்பவர். அம்மா அண்டி ஆபீசில், அதாவது முந்திரி ஆலையில், பருப்புக்குத் தோல் உரிக்கிறார். கிலோவுக்கு இவ்வளவு என்று கூலி. ஆலை ஓடும் வாரமும் உண்டு, ஓடாத வாரமும் உண்டு. அவரும் வேலை பார்ப்பவர். தாத்தா வீட்டு முன்னால் சின்னதாக ஒரு கடை வைத்திருக்கிறார். சுயதொழில்.

மூத்த மகன் மெக்கானிக்கல் பி.இ. வேலை தேடிக்கொண்டே இருக்கிறான், கிடைக்கவில்லை. சாயங்காலம் தாத்தா கடையில் உட்கார்ந்து கணக்கு எழுதுவான், சரக்கு எடுக்க பைக்கில் போவான். சம்பளம் என்று ஒரு பைசா கிடையாது. ஆனால் வீட்டுத் தொழிலில் ஆண்டுக்கு 30 நாளுக்குக் குறையாமல் கை கொடுத்தால், அந்த 3.2 வருகிற கணக்கில் அவன் வேலை பார்ப்பவன். சம்பளமில்லா உதவியாளர் என்று அதற்கு ஒரு தனிப் பிரிவே இருக்கிறது.

மகள் பி.எஸ்சி. நர்சிங் முடித்துவிட்டு வெளிநாடு போக ஜெர்மன் வகுப்புக்குப் போகிறாள். கணக்கெடுக்க வந்தவர் 'படிக்கிறார்' என்று பதிந்துகொண்டால் அவள் உழைப்பாளர் படையிலேயே இல்லை. இளைய மகன் துபாயில் ஏசி மெக்கானிக். ஆறு மாதத்துக்கு மேல் வெளியே இருப்பவர் அந்த வீட்டு ஆளாகவே கணக்கில் வரமாட்டார்.

இப்போது கூட்டிப் பாருங்கள். இந்த வீட்டில் வேலையில்லாதவர் ஒருவர்கூட இல்லை. அந்த அம்மாவிடம் போய்ச் சொன்னால் சிரிப்பார், இல்லையென்றால் அடிக்க வருவார்.

அரசாங்கம் ஏமாற்றுகிறது என்று இதைப் படித்துக்கொள்ள வேண்டாம். நாட்டில் எவ்வளவு உழைப்பு நடக்கிறது என்று அளப்பதுதான் இந்தக் கணக்கின் நோக்கம். அதற்குச் சின்ன வேலையையும் விடாமல் எண்ணத்தான் வேண்டும். வாரத்தில் ஒரு மணி நேரம் வேலை செய்தாலும் வேலை பார்த்தவர்தான் என்பது சர்வதேச தொழிலாளர் அமைப்பே ஏற்றுக்கொண்ட வழக்கம். அந்த வேலையில் வயிறு நிறைந்ததா, படித்த படிப்புக்கு ஏற்றதா என்பது இந்த எண்ணிடம் கேட்க முடியாத கேள்வி. நாம்தான் அதைப் போய் இதனிடம் கேட்கிறோம்.

இன்னொரு குழப்பம். 2025 முதல் இந்தக் கணக்கு மாதாமாதம் வருகிறது. முதலில் வந்த ஏப்ரல் மாத எண் 5.1 சதவீதம். உடனே '3.2இல் இருந்து 5.1 ஆகிவிட்டது' என்று வாட்ஸ்அப்பில் சுற்ற ஆரம்பித்தது. மாத எண், கடந்த ஏழு நாளை மட்டும் கேட்டு எடுப்பது. 3.2 என்பது கடந்த ஒரு வருடத்தைக் கேட்டு எடுத்தது. வாரக் கணக்கில் பார்த்தால் 2023-24இலும் அது கிட்டத்தட்ட 5தான். சிஎம்ஐஇ என்ற தனியார் அமைப்பு, கேட்கப்போன நாளையும் முந்தைய நாளையும் மட்டும் பார்ப்பதால் அவர்கள் எண் இன்னும் மேலே, 7, 8 என்று நிற்கும். எண்ணைப் பார்த்ததும் அது எந்தக் கணக்கு என்று கேளுங்கள்.

வாரக் கணக்குக்கும் வருடக் கணக்குக்கும் உள்ள வித்தியாசம் நம்ம ஊர்க்காரர்களுக்குச் சொல்லியா தெரிய வேண்டும்? சின்னமுட்டம் பக்கம் கிழக்குக் கடலில் மீன்பிடித் தடை ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை. குளச்சல், தேங்காய்ப்பட்டணம் பக்கம் மேற்குக் கடலில் ஜூன் 1 முதல் ஜூலை 31 வரை. ஜூன் முதல் பாதியில் இரண்டு பக்கமும் விசைப்படகு நிற்கிறது. அந்த வாரம் கேட்டால் படகில் கூலிக்குப் போகும் ஒருவர் 'வேலையில்லாதவர்' ஆகலாம். சொந்தப் படகுக்காரர் கரையில் உட்கார்ந்து வலை சரிசெய்தால் 'வேலை பார்ப்பவர்'. வருடக் கணக்கில் இருவருமே வேலை பார்ப்பவர்கள்தான்.

இனி, பி.இ. முடித்தவனின் அப்பாவுக்கு உண்மையில் தேவைப்படும் எண்கள். 15 முதல் 29 வயதுக்குள் வேலையின்மை 2023-24இல் 10.2 சதவீதம். மொத்தக் கணக்கைப் போல மூன்று மடங்குக்கும் மேல். படிப்பு ஏற ஏற விகிதமும் ஏறுகிறது. எழுதப் படிக்கத் தெரியாதவர்களிடம் அது ஒரு சதவீதத்தைக்கூடத் தொடுவதில்லை.

மாநிலங்களை வரிசையாக வைத்தால் இது பளிச்சென்று தெரியும். 2023-24இல் மத்தியப் பிரதேசம் 1 சதவீதம், தமிழ்நாடு 3.5, கேரளம் 7.2. மத்தியப் பிரதேசத்துப் பையன்கள் நாகர்கோவிலுக்கும் திருவனந்தபுரத்துக்கும் வேலை தேடி வருகிறார்கள், இங்கிருந்து யாரும் அங்கே போகக் காணோம். வீட்டில் அடுப்பு எரிய வேண்டும் என்றால் கிடைத்த வேலையில் இறங்கியாக வேண்டும். ஒரு வருடம் நல்ல வேலைக்காகக் காத்திருக்க, அதுவரை சோறு போட யாராவது வேண்டும். அந்த வகையில் வேலையின்மை கொஞ்சம் வசதியின் கணக்கும்தான்.

குமரி மாவட்டம் 1956 நவம்பர் 1 அன்று தமிழ்நாட்டோடு சேர்ந்தது. ஆனால் வேலை விஷயத்தில் இன்றும் கேரளத்தின் சாயல்தான் அதிகம். 2011 கணக்கெடுப்பில் 91.75 சதவீத எழுத்தறிவு, தமிழ்நாட்டிலேயே முதலிடம். படிக்க வைக்காத வீடு கிடையாது. கல்லூரிகளுக்கும் பஞ்சமில்லை. படித்தவர்களை எடுத்துக்கொள்ள உள்ளூரில் இருப்பதோ ரப்பரும் முந்திரியும் கயிறும் மீனும் பூவும். இவற்றில் எதுவும் ஆண்டுதோறும் வெளிவரும் பட்டதாரிகளை உள்வாங்காது. அதனால்தான் சென்னை, பெங்களூரு, திருவனந்தபுரம் டெக்னோபார்க், வளைகுடா. அதே ஊரில் கொத்தனாருக்குக் கையாள் வேண்டும் என்றால் வங்காளத்தில் இருந்தும் அசாமில் இருந்தும் ஆள் வருகிறது. ஆள் இல்லை என்ற புலம்பலும் வேலை இல்லை என்ற புலம்பலும் ஒரே டீக்கடையில் கேட்கும். இரண்டும் நிஜம், வெவ்வேறு வேலையைப் பற்றிப் பேசுகிறார்கள்.

இன்னொரு எண்ணையும் பார்த்துவிடுங்கள். வேலை பார்ப்பவர்களில் சுயதொழில் செய்பவர்களின் பங்கு 2017-18இல் 52.2 சதவீதம், 2023-24இல் 58.4. மாதச் சம்பளக்காரர்களின் பங்கு 22.8இல் இருந்து 21.7 ஆகியிருக்கிறது. 15 வயதுக்கு மேற்பட்ட பெண்களில் உழைப்பாளர் படையில் இருப்பவர்கள் 23.3 சதவீதத்தில் இருந்து 41.7க்கு ஏறியதும் இதே காலத்தில்தான். அப்படி வந்த பெண்களில் நிறையப் பேர் சொந்த வயலிலும் வீட்டுத் தொழிலிலும் இருப்பவர்கள். வேலையின்மை குறைந்ததில் இதற்குப் பெரிய பங்கு உண்டு. நம்ம வீடுகளில் 'வேலை' என்றால் மாதச் சம்பளம், பி.எஃப். பிடித்தம், கல்யாணப் பேச்சில் சொல்லிக்கொள்ள ஒரு கம்பெனிப் பெயர். அந்த வேலையின் பங்கு கூடவில்லை. என்னைக் கேட்டால், தலைப்புச் செய்தி ஆக வேண்டிய எண் இதுதான்.

இதெல்லாம் தெரிந்து என்ன செய்ய? காத்திருப்பதற்கு ஒரு கெடு வைத்துக்கொள்ளுங்கள் என்பேன். 2024 குரூப் 4 தேர்வுக்கு முதலில் அறிவித்த இடங்கள் 6,244. விண்ணப்பித்தவர்கள் 20 லட்சத்துக்கும் மேல். பின்னால் இடங்களைக் கூட்டினார்கள்தான், இருந்தாலும் விகிதத்தைப் பாருங்கள். எழுத வேண்டாம் என்று சொல்லவில்லை. ஒரு வேலையில் இருந்துகொண்டே எழுதுங்கள். நேர்முகத்தில் ஒரு வருட இடைவெளியைக் கம்பெனிக்காரர்கள் பெரிதாக எடுப்பதில்லை. மூன்று வருடம் 'தேர்வுக்குப் படித்தேன்' என்றால் முகம் மாறுவதை நான் பக்கத்தில் இருந்தே பார்க்கிறேன். என்ஜினீயரிங், டிப்ளமோ முடித்தவர்களுக்கு மத்திய அரசின் நாட்ஸ் தொழிற்பழகுநர் பயிற்சி இருக்கிறது. உதவித்தொகையும் உண்டு, ஒரு வருட அனுபவச் சான்றும் கிடைக்கும். ஏனோ நம்ம பிள்ளைகள் அதைக் கௌரவக் குறைவாக நினைக்கிறார்கள்.

நாகர்கோவில் கோணம் பகுதியில் உள்ள வேலைவாய்ப்பு அலுவலகத்தில் பதிந்து வைப்பது நல்லது, மூன்று வருடத்துக்கு ஒருமுறை புதுப்பிக்கவும் வேண்டும். ஆனால் அந்தப் பதிவேட்டில் உள்ளவர்களின் எண்ணிக்கையை வேலையில்லாதவர்களின் எண்ணிக்கை என்று மேடையில் பேசுகிறவர்களை நம்பாதீர்கள். தனியாரில் நல்ல சம்பளம் வாங்குகிறவர்களும் அரசு வேலைக்காகப் பதிவை விடாமல் வைத்திருக்கிறார்கள். பதிந்து ஐந்து வருடம் ஆகியும் வேலை கிடைக்காதவர்களுக்கு மாநில அரசு மூன்று வருடம் உதவித்தொகை தருகிறது: பத்தாம் வகுப்பு தேறியவருக்கு மாதம் 300 ரூபாய், பிளஸ் டூவுக்கு 400, பட்டதாரிக்கு 600. குடும்ப வருமானம் ஆண்டுக்கு 72,000 ரூபாய்க்குள் இருக்க வேண்டும். பி.இ. போன்ற தொழிற்படிப்புக்குக் கிடையாது. இது தெரியாமல் அங்கே போய் வரிசையில் நிற்கும் என்ஜினீயர்கள் உண்டு.

காத்திருப்பு நீளும் வீட்டைத்தான் வெளிநாட்டு வேலை மோசடிக்காரன் மோப்பம் பிடித்து வருவான். அனுப்புகிறவருக்கு மத்திய வெளியுறவு அமைச்சகத்தின் உரிமம் இருக்கிறதா என்று இ-மைக்ரேட் தளத்தில் பாருங்கள். உரிமம் உள்ளவரும் சேவைக் கட்டணமாக 30,000 ரூபாயும் ஜிஎஸ்டியும்தான் வாங்கலாம். லட்சக்கணக்கில் கேட்டாலே கதை வேறு. சுற்றுலா விசாவில் போய் அங்கே மாற்றிக்கொள்ளலாம் என்றால் பேச்சை அத்தோடு முடித்துக்கொள்ளுங்கள். தாய்லாந்தில் 'டேட்டா என்ட்ரி' என்று கூப்பிட்டு மியான்மர், கம்போடியாவில் இணைய மோசடிக் கூடங்களில் அடைத்துவைத்த செய்திகள் நிறைய வந்துவிட்டன.

கடைசியாக, கணக்கெடுப்பவர் உங்கள் வீட்டுக்கே வந்தால் என்ன செய்வது. 2025இல் இருந்து மாதிரி வீடுகளை மாவட்ட அளவில் பிரித்துத் தேர்ந்தெடுக்கிறார்கள், அதனால் உங்கள் கதவும் தட்டப்படலாம். அடையாள அட்டையைக் கேட்டுப் பாருங்கள். ரேஷன் கார்டைப் பிடுங்கிவிடுவார்களோ என்று பயப்பட வேண்டாம். 2008ஆம் ஆண்டுப் புள்ளிவிவரச் சேகரிப்புச் சட்டப்படி நீங்கள் சொல்வதைப் புள்ளிவிவரத்துக்கு மட்டும்தான் பயன்படுத்த முடியும். வீட்டுப் பெரியவர் ஒருவரே எல்லோருக்கும் சேர்த்துப் பதில் சொல்வதுதான் இங்கே வழக்கம். "மவ சும்மாதான் இருக்கா" என்று அப்பா சொல்லிவிடுவார். உள்ளே அந்த மகள் அன்றைக்கும் ரெண்டு கம்பெனிக்கு விண்ணப்பம் அனுப்பியிருப்பாள், தினமும் சாயங்காலம் பத்துப் பிள்ளைகளுக்கு டியூஷனும் எடுப்பாள். அவளையே கூப்பிட்டு உட்கார வைத்துப் பதில் சொல்லச் சொல்லுங்கள்.