சொல் விளக்கம்: டிபெண்டபிலிட்டி

மென்பொருள் பற்றி எழுதும்போது ‘ரிலையபிலிட்டி’, ‘டிபெண்டபிலிட்டி’ இரண்டையும் ‘நம்பகத்தன்மை’ என்றே எழுதிவிடுகிறோம். பேச்சுக்கு அது போதும். அளக்க உட்காரும்போது போதாது.

டிபெண்டபிலிட்டியின் வேர் லத்தீன். ‘தேபெந்தேரே’ என்றால் ஒன்றிலிருந்து கீழே தொங்குதல். அதிலிருந்து பிறிதொன்றைச் சார்ந்திருத்தல் என்றும், பிறகு சார்ந்திருக்கத் தக்க தன்மை என்றும் பொருள் விரிந்தது. கணினியியலில் இதைக் கலைச்சொல்லாக நிலைநிறுத்தியவர்களில் முதன்மையானவர் பிரான்சின் துலூஸ் நகரில் பணியாற்றிய ழான்-குளோத் லப்ரீ. 2004இல் அவிசியேனிஸ், ராண்டல், லாண்ட்வேர் ஆகியோருடன் அவர் எழுதிய கட்டுரை தரும் விளக்கம்: தக்க காரணத்தோடு நம்பக்கூடிய சேவையைத் தரும் திறன். கேட்கும்போது கிடைப்பது, பிசகாமல் தொடர்வது, பேரழிவு விளைவிக்காதது, முறையற்ற மாற்றத்துக்கு இடந்தராதது, பழுதுபார்க்க இயல்வது என ஐந்து பண்புகள் இதில் அடங்கும். ரிலையபிலிட்டி இவற்றில் இரண்டாவது மட்டுமே.

ஒவ்வொன்றுக்கும் அளவு வேறு. கிடைக்கும் தன்மை 99.999 விழுக்காடு என்றால் ஆண்டுக்கு ஏறத்தாழ 5 நிமிடமே முடங்கலாம். ஆனால் முடங்காமல் ஓடியதே வினையானதும் உண்டு. 1991 பிப்ரவரி 25 அன்று சவூதியின் தஹ்ரானில் பேட்ரியாட் ஏவுகணைத் தடுப்பு அமைப்பு சுமார் 100 மணி நேரமாக நிறுத்தப்படாமல் இயங்கிக்கொண்டிருந்தது. கணினி பயன்படுத்தும் இரும எண்ணில் (0, 1 மட்டுமே கொண்ட முறை) 0.1 நொடி முடிவின்றி நீளும்; அதை வெட்டிச் சேமித்ததால் சிறுகச் சிறுகச் சேர்ந்த பிழை 0.34 நொடியை எட்டியது. பாய்ந்து வந்த ஸ்கட் ஏவுகணையை அது வேறிடத்தில் தேடியது. 28 அமெரிக்கப் படைவீரர்கள் இறந்தனர். இடையில் ஒருமுறை அணைத்து இயக்கியிருந்தால் அந்தப் பிழை பூஜ்யத்துக்குத் திரும்பியிருக்கும்.

பயணிகள் விமானத்துக்குக் கேட்கப்படுவது, பேரழிவு தரும் பழுது 100 கோடி மணி நேரப் பறப்புக்கு ஒன்றுக்கும் குறைவு என்ற அளவு. ஒரு கணினியை ஓட்டிப் பார்த்தே இதை மெய்ப்பிக்க ஒரு லட்சம் ஆண்டுகளுக்கு மேல் ஆகும். அதனால் சோதனை முடிவோடு வடிவமைப்புச் சான்றையும் கணித நிறுவலையும் சேர்த்தே எடைபோட வேண்டியிருக்கிறது.

இவ்வளவையும் தாங்கும் தமிழ் வினை ஒன்று நம்மிடம் உண்டு: தேறு. ‘தேறற்க யாரையும் தேராது’ என்கிறது குறள். ஆராயாமல் நம்பாதே என்பது பொருள். ஆராய்ந்தபின் வரும் நம்பிக்கையைத்தான் லப்ரீயின் வரையறையும் கேட்கிறது. தேர்வில் தேறினான் என்று இன்றும் சொல்கிறோம். எனவே டிபெண்டபிலிட்டிக்கு ‘தேறுதகைமை’ என்பதே என் பரிந்துரை. நம்பகத்தன்மையை ரிலையபிலிட்டிக்கு விட்டுவிடலாம்.