குழாய்க்குள் வீசும் காற்று

ஆறிய குவார்ட்ஸ் குழாயை உலையிலிருந்து எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்க்கும் அந்த ஒரு நிமிடத்துக்காகத்தான் வாரக்கணக்கில் காத்திருக்கிறோம். படிகம் வளர்க்கும் முறை இது: பொடியையும் கொஞ்சம் அயோடினையும் குழாயில் வைத்து மூடி, ஒரு முனையைக் கூடுதலாகச் சூடாக்குவோம்; அயோடின் ஆவி பொடியைச் சுமந்துபோய்க் குளிர்ந்த முனையில் படிகமாகச் சேர்க்கும். ஒரு ஆராய்ச்சி மாணவர் கொண்டுவந்த குழாயில், குளிர்ந்த முனை முழுக்க மாலிப்டினம் டைசல்பைடு மினுமினுத்தது. "நாலே நாள்ல மொத்தப் பொடியும் இந்தப் பக்கம் வந்துடுச்சு சார்" என்றார். லென்ஸ் வைத்துப் பார்த்தால், ஒன்றோடொன்று ஒட்டிய நொய் போன்ற செதில்கள். தனியாகப் பிரித்தெடுக்க ஒன்றுகூடத் தேறவில்லை.

அவர் பொடியின் தூய்மையைச் சந்தேகப்பட்டார். நான் கேட்டது இரண்டே கேள்வி. குழாயின் உள்விட்டம் என்ன? 20 மில்லிமீட்டர். அயோடின் எவ்வளவு? கன சென்டிமீட்டருக்கு 15 மில்லிகிராம். சரி, விடை அங்கேயே இருந்தது.

காற்றை உறிஞ்சிவிட்டு மூடிய குழாயில் ஏது காற்று என்று தோன்றும். சூடேறியதும் அயோடின் ஆவியே அங்கே காற்று. படுக்கவைத்த குழாயில் சூடான முனையில் அது லேசாகி எழும்பி, மேல்பக்கமாகவே குளிர்முனைக்கு ஓடும். அங்கே கனத்து இறங்கி, குழாயின் அடிப்பக்கமாகத் திரும்பும். இதுதான் வெப்பச்சலனம். மெதுவாக இருந்தால் பாதகமில்லை, விரவலே, அதாவது மூலக்கூறுகள் தாமாகப் பரவுவதே, பொருளைக் கொண்டுசேர்க்கும். வேகமெடுத்தால், வந்து சேரும் அணுக்கள் படிகத்தில் தங்கள் இடத்தைத் தேடி உட்கார நேரமிருக்காது. கண்ட இடத்தில் புதுப் படிகக் கருக்கள் முளைக்கும்.

அழுத்தம் இரண்டு மடங்கானால் இந்த ஓட்டத்தின் உந்துதல் நான்கு மடங்காகும். விட்டம் இரண்டு மடங்கானால் எட்டு மடங்கு. கன சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் அயோடின் 900 டிகிரி செல்சியசில் ஏறக்குறைய 2 பார் அழுத்தம் தரும் (1 பார் என்பது கிட்டத்தட்ட வெளிக்காற்றின் அழுத்தம்). 15 மில்லிகிராம் என்றால் 6 பார்! படுக்கைக் குழாயில் சுமார் 3 பாரைத் தாண்டினாலே வெப்பச்சலனத்தின் கை ஓங்கிவிடும். 10 மில்லிமீட்டர் குழாயில் 5 மில்லிகிராமோடு ஒப்பிட்டால், அந்த மாணவர் ஓட்டத்தின் உந்துதலை எழுபது மடங்கு தூண்டிவிட்டிருந்தார். குழாய் வெடிக்கும் ஆபத்து வேறு.

அடுத்த முறை 10 மில்லிமீட்டர் குழாய், கன சென்டிமீட்டருக்கு 5 மில்லிகிராம் அயோடின், சூடான முனையைக் கொஞ்சம் தூக்கிவைத்தோம். லேசான ஆவி மேலேயே தங்கிவிடும் அல்லவா. மூன்று வாரம் ஆனது. வந்த படிகங்கள் கொஞ்சம்தான். ஆனால் அதில் ஒன்று 6 மில்லிமீட்டர் அகலம், முகம் பார்க்கலாம் போல வழவழப்பு.

குழாயை நிமிர்த்தி, சூடான முனையை மேலே வைத்தாலும் ஓட்டம் முழுதாக நிற்பதில்லை. உலைச் சுவரின் ஒரு பக்கம் சில டிகிரி கூடுதலாக இருந்தால் போதும், ஆவி சுழலும். அதனால்தான் எங்கள் குறிப்பேட்டில் வெப்பநிலைக்குப் பக்கத்திலேயே உள்விட்டம், அயோடின் அளவு, சாய்வு மூன்றையும் எழுதச் சொல்கிறேன்.