இரண்டு கிலோவுக்குள் ஒரு பயணம்: குழந்தையின் முதுகுப்பையை அடுக்கும் அறிவியல்

பயணம் என்றால் குழந்தைக்கும் தன் பங்குக்கு ஒரு பை வேண்டும். அந்த ஆசையில் தவறே இல்லை. பெரியவர்களின் பெட்டியில் இடம் கிடைக்காத சாமான்களைக் கடைசி நிமிடத்தில் அந்தச் சின்னப் பைக்குள் திணிக்கும்போதுதான் சிக்கல் வருகிறது.

குழந்தையின் உடல் எடையில் 10 முதல் 20 சதவீதத்துக்குள் பையின் எடை இருக்கலாம் என்பது குழந்தை மருத்துவர்கள் பொதுவாகச் சொல்லும் வரம்பு. பயணத்துக்கு 10 சதவீதத்தைப் பிடித்துக்கொள்வதே நல்லது. வரிசையில் நிற்பது, படி ஏறுவது, தூக்கக் கலக்கத்தில் நடப்பது என்று பை தோளில் இருக்கும் நேரம் நம் கட்டுப்பாட்டில் இருக்காது. 20 கிலோ எடையுள்ள குழந்தைக்கு 2 கிலோ. காலிப் பையின் எடையும் இதற்குள்தான் அடக்கம். பை 400 கிராம், பாட்டிலோடு அரை லிட்டர் தண்ணீர் 650, ஒரு மாற்று உடுப்பும் மெல்லிய ஸ்வெட்டரும் 300, தின்பண்டம் 200, புத்தகமும் பொம்மையும் 250, டிஷ்யூ வகையறா 100. கூட்டினால் 1,900 கிராம். அதற்குமேல் ஒரு பவர் பேங்க் போட்டாலே வரம்பு தாண்டிவிடும். குழந்தையைப் பையோடு ஒருமுறை, பையில்லாமல் ஒருமுறை எடை மெஷினில் நிறுத்திக் கழித்துப் பார்த்தால் கணக்கு தெரிந்துவிடும்.

எடை சரியாக இருந்தும் பை படுத்தலாம். எடை முதுகிலிருந்து எவ்வளவு தள்ளி இருக்கிறது என்பதுதான் காரணம். 2 கிலோ பை சுமார் 20 நியூட்டன் விசையோடு கீழே இழுக்கிறது. பையின் எடைமையம் முதுகெலும்பிலிருந்து 10 செ.மீ. தள்ளி இருந்தால், உடலைப் பின்பக்கம் சாய்க்கும் திருப்புத்திறன் 2 நியூட்டன் மீட்டர். அதே சாமான்கள் பையின் வெளிப்புறம் புடைத்துக்கொண்டு 20 செ.மீ. தள்ளிப் போனால் அது 4 ஆகிவிடும். ஒரு கிராம்கூடக் கூடவில்லை, உழைப்பு மட்டும் இரட்டிப்பாகிவிட்டது. பின்னால் விழாமல் இருக்க இடுப்புக்கு மேல் உடல் முன்னால் சாய்கிறது. அப்படிச் சாய்ந்தால் பார்வை தரைக்குப் போய்விடும். எதிரே பார்க்கக் குழந்தை தலையை நிமிர்த்துகிறது. அரை மணி நேரத்தில் ‘கழுத்து வலிக்குது’ என்ற புகார் வருவது இப்படித்தான்.

பெரியவர்களுக்கு மலையேற்றப் பையில் எடையைத் தோள் உயரத்தில் வைக்கச் சொல்வார்கள். அதைச் சிறு குழந்தைக்கு அப்படியே செய்யக் கூடாது. பிறக்கும்போது தலை உடல் நீளத்தில் கால் பங்கு. வளர்ந்தவருக்கு ஏறக்குறைய எட்டில் ஒன்று. இடைப்பட்ட வயதுக் குழந்தைகளிடமும் தலைப்பகுதி ஒப்பீட்டளவில் கனம்தான், உடலின் ஈர்ப்பு மையமும் மேலே இருக்கும். அதை இன்னும் உயர்த்தினால் சின்னத் தடுக்கலுக்கே குப்புற விழும். கனமான பொருளுக்கு உரிய இடம் நடுமுதுகு, முதுகை ஒட்டிய உள்ளறை. புத்தகத்தின் தட்டையான பக்கம் முதுகைப் பார்த்து இருக்கட்டும், விளிம்பு குத்தாமல் இடையில் ஸ்வெட்டரை மடித்து வைக்கலாம். பொம்மை, டிஷ்யூ போன்ற லேசானவை வெளிப்பக்கம்.

வார்களைப் பொறுத்தவரை அழுத்தம் என்பது விசையைப் பரப்பால் வகுத்தால் வருவது, அவ்வளவுதான். கயிறு இழுத்து மூடும் பைகள் பார்க்க அழகு. அதே எடையை அவை ஒரு கோட்டளவு தோலில் இறக்குகின்றன. காறை எலும்புக்குக் கீழே கைக்குப் போகும் நரம்புக் கற்றை இருக்கிறது. விரல் மரத்துப்போகிறது, சுருக் சுருக்கென்கிறது என்று குழந்தை சொன்னால் வார் அங்கே அழுத்துகிறது என்று அர்த்தம். பையை உடனே கழற்ற வேண்டும். 4, 5 செ.மீ. அகலமும் பஞ்சு வைத்த உறையும் உள்ள வார் போதும். பையின் அகலம் குழந்தையின் முதுகைத் தாண்டக் கூடாது, அடிப்பாகம் இடுப்புக்குக் கீழே 10 செ.மீ.க்கு மேல் தொங்கக் கூடாது. ‘வளர்ந்தாலும் போடலாம்’ என்று ஓர் அளவு பெரிதாக வாங்கும் பழக்கம் உடுப்புக்குச் சரிவரும், பைக்குச் சரிவராது.

வாரைத் தளர்த்திவிட்டு மாட்டி, மாட்டிய பின் கீழ்நோக்கி இழுத்து இறுக்குவதே முறை. தளர்வான பை ஒவ்வொரு அடிக்கும் பின்னால் போய் முன்னால் மோதும். குழந்தையின் அடிகள் குட்டையானவை, வேகமானவை; அந்த ஆட்டத்தை அடக்கவே தசைகள் களைத்துவிடும். நெஞ்சுப் பட்டை இங்கே நன்றாக உதவும். இடுப்புப் பட்டை அவ்வளவு உதவாது. சிறு குழந்தையின் இடுப்பெலும்பு இன்னும் அகலமாகவில்லை, பட்டை உட்கார இடமின்றி வயிற்றுக்கு ஏறிவிடும். நெஞ்சுப் பட்டையின் பக்கிள் பலமாக இழுத்தால் கழன்றுவிடும் ரகமாக இருக்க வேண்டும். சறுக்குமரம், ஏணி என்று எதைப் பார்த்தாலும் முதலில் பையைக் கழற்றச் சொல்லுங்கள், வார் சிக்கிக் கழுத்தை இறுக்கும் ஆபத்து நிஜமானது. மற்றபடி, பை தூக்கினால் முதுகெலும்பு நிரந்தரமாக வளைந்துவிடும் என்ற பயத்துக்கு ஆதாரம் இல்லை. பையால் வருவது தசைவலியும் களைப்பும்தான்.

பையில் மிகக் கனமான பொருள் தண்ணீர். 4 முதல் 8 வயதுக் குழந்தைக்கு, உணவிலுள்ள நீரையும் சேர்த்து, நாளொன்றுக்கு ஏறத்தாழ 1.6 லிட்டர் தேவை. அத்தனையும் சுமக்க முடியாது, அங்கங்கே நிரப்பிக்கொள்ள வேண்டியதுதான். அரை லிட்டர் பாட்டிலை ஒரு பக்கப் பாக்கெட்டில் வைத்தால் உடல் அந்தப் பக்கம் இழுக்கும். உள்ளே வைத்தால் எடுக்கச் சோம்பல்பட்டுக் குழந்தை குடிக்காது. 250 மி.லி. பாட்டில் இரண்டை இரு பக்கமும் வைப்பது இரண்டுக்கும் தீர்வு.

விமானத்தில் உறிஞ்சுகுழல் வைத்த பாட்டில் ஒரு வேடிக்கை காட்டும். மூடியைத் திறந்த நொடியில் தண்ணீர் ஊற்றாகப் பீச்சி முகத்தில் அடிக்கும். உயரத்தில் பறக்கும்போது பயணிகள் இருக்கும் பகுதியின் காற்றழுத்தம், தரைமட்டத்திலிருப்பதில் முக்கால் பங்கு வரை இறங்கும். பாட்டிலுக்குள் தண்ணீருக்கு மேலே அடைபட்ட காற்று தரையில் இருந்த அதே அழுத்தத்தில் இருக்கிறது. குழலின் வாய் திறந்ததும் அந்தக் காற்று விரிந்து தண்ணீரை அமுக்க, தண்ணீர் குழல் வழியே மேலே பாய்கிறது. திருகுமூடியை முதலில் லேசாகத் தளர்த்தி அழுத்தத்தை வெளியேற்றிவிட்டுப் பிறகு குழலைத் திறந்தால் சட்டை நனையாது.

தரையிறங்கும்போது காது அடைப்பதும் இதே அழுத்த மாற்றத்தால்தான். நடுச்செவியையும் தொண்டையையும் இணைக்கும் குழாய் குழந்தைகளுக்குக் குட்டையாகவும் கிடைவாட்டிலும் இருக்கும், எளிதில் திறக்காது. விழுங்கும்போது திறக்கும். தரையிறங்குவதற்கு அரை மணி நேரம் முன்பே குழந்தையை எழுப்பி, வாய்க்குக் கொஞ்சம் கொஞ்சமாகக் குடிக்கக் கொடுங்கள். அதுவரை தண்ணீர் தீராமல் மிச்சம் இருக்க வேண்டும்.

அடுத்தது வாந்தி. 2 முதல் 12 வயது வரை இந்தத் தொல்லை அதிகம். வண்டி திரும்புவதையும் குலுங்குவதையும் உட்செவி மூளைக்குச் சொல்கிறது. புத்தகத்தையோ போனையோ பார்க்கும் கண், எதுவும் அசையவில்லை என்கிறது. இரண்டு தகவலும் ஒத்துப்போகாதபோது குமட்டல் வருகிறது. ஓடும் வண்டிக்கு ஏற்றது காதால் கேட்கும் கதைகள்தான். படப்புத்தகம் காத்திருப்பு நேரத்துக்கு. கிளம்புமுன் எண்ணெய்ப் பதார்த்தம் வேண்டாம், கொழுப்பு வயிற்றைவிட்டுப் போக நேரமாகும். வெறும் வயிறும் உதவாது. வாந்திக்கு முன்னறிவிப்பு உண்டு: பேசிக்கொண்டிருந்த குழந்தை திடீரென்று அமைதியாகிவிடும், அடிக்கடி கொட்டாவி விடும், எச்சில் கூட்டி விழுங்கும், முகம் வெளுத்து நெற்றியில் வேர்வை துளிர்க்கும். அப்போது ஜன்னலைத் திறந்து தூரத்துத் தொடுவானத்தைப் பார்க்கச் சொன்னால் சில சமயம் தப்பிக்கலாம். தப்பாவிட்டால் கையில் கிடைக்க வேண்டியது ஜிப் வைத்த பிளாஸ்டிக் உறை. அது பையின் வெளிப்பாக்கெட்டில் இருக்க வேண்டும். மாற்று உடுப்பையும் இன்னொரு ஜிப் உறையில் போட்டு வையுங்கள், அழுக்கானது பிறகு அதற்குள்ளேயே போய்விடும்.

தின்பண்டத்தில் ஈரப்பதம் குறைந்தவையே பாதுகாப்பு. நீர் இல்லாத இடத்தில் கிருமி பெருகாது. சமைத்த ஈரமான உணவு 4 முதல் 60 டிகிரி செல்சியஸ் வெப்பத்தில் 2 மணி நேரத்துக்கு மேல் இருக்கக் கூடாது. வெளியே 32 டிகிரியைத் தாண்டினால் 1 மணி நேரம்தான். வெயிலில் மாட்டிய பைக்குள் வெப்பம் இதைத் தாண்டிவிடும். முழு நிலக்கடலை, முழு திராட்சை போன்றவற்றை 4 வயதுக்குட்பட்டவருக்குக் கொடுக்கவே கூடாது. அதிலும் குலுங்கும் வண்டியில் மூச்சுக்குழாயில் போனால் முன்னால் உட்கார்ந்திருப்பவருக்குத் தெரியக்கூட வாய்ப்பில்லை.

குழந்தையின் பையில் போகக் கூடாதவையும் உண்டு. மருந்து எதுவும் வேண்டாம், இனிப்பான சிரப்பை ஜூஸ் என்று குடித்துவிடும். பட்டன் பேட்டரி உள்ள பொம்மையில் மூடி திருகாணியால் இறுகியிருக்க வேண்டும். விழுங்கிய பட்டன் செல் உணவுக்குழாயில் சிக்கினால் 2 மணி நேரத்திலேயே திசுவைக் கடுமையாக அரித்துவிடும்.

வயிற்றுப்போக்கில் இழந்த நீரை ஈடுகட்டும் உப்பு-சர்க்கரைத் தூளான ஓ.ஆர்.எஸ். பொட்டலம் பெரியவர் பையில் இருக்கட்டும். குளுக்கோஸும் சோடியமும் சேர்ந்திருந்தால் சிறுகுடல் இரண்டையும் ஒரே வாசலில் உள்ளே இழுக்கிறது, தண்ணீர் அவற்றின் பின்னாலேயே வருகிறது. அளவு மாறினால் இந்த வித்தை தலைகீழாகும். 1 லிட்டருக்கான பொட்டலத்தை அரை லிட்டரில் கரைத்தால் கரைசல் அடர்ந்து, உடலிலிருந்து நீரைக் குடலுக்குள் இழுத்து வயிற்றுப்போக்கைக் கூட்டிவிடும். உங்களிடம் இருப்பது 250 மி.லி. பாட்டில் என்றால் 200 மி.லி. பொட்டலமாக வாங்கி, பாட்டிலில் 200 மி.லி. எங்கே வரும் என்று மார்க்கர் பேனாவால் ஒரு கோடு போட்டு வைத்துவிடுங்கள். கரைத்ததில் 24 மணி நேரத்துக்குப் பின் மிச்சமிருப்பதைக் கொட்டிவிட வேண்டும்.

கிளம்புவதற்கு முந்தின நாள், அடுக்கி முடித்த பையை மாட்டிவிட்டு வீட்டுக்குள் பத்து நிமிடம் நடக்க விடுங்கள். பக்கவாட்டில் நின்று பாருங்கள். காதும் தோளும் இடுப்பும் ஏறக்குறைய ஒரே நேர்கோட்டில் இருந்தால் சரி. தலை முன்னால் நீண்டாலோ கைகள் வாரைப் பிடித்துத் தூக்கிக்கொண்டே நடந்தாலோ ஏதாவது ஒன்றைக் குறைக்க வேண்டும், பெரும்பாலும் அது இரண்டாவது பொம்மையாகத்தான் இருக்கும். பயணத்தின் பின்பாதியில் எப்படியும் பை உங்கள் கைக்கு வந்துவிடும். பையின் மேலே உறுதியான கைப்பிடி இருக்கிறதா, உங்கள் பெட்டிக்குள் அதை அப்படியே வைக்க இடம் இருக்கிறதா என்பதையும் அப்போதே பார்த்துக்கொள்ளுங்கள்.