பொடியனைத் திட்டி அனுப்பிவிட்டுச் செயலமர்வு கேட்காதீர்கள்

"எங்க ஸ்டாஃபுக்கு ஒத்துணர்வு பற்றி ஒரு நாள் ட்ரெய்னிங் வேணும் மிஸ். ஒரு நாற்பது பேர் வருவாங்க. சாப்பாடு, சான்றிதழ் எல்லாம் நாங்க பார்த்துக்கிறோம்." இளைஞர் நிகழ்ச்சித்திட்டங்களை நடத்தும் நிறுவனங்களிலிருந்து, ஒத்துணர்வுக்கு, அதாவது மற்றவரின் இடத்தில் நின்று உணரப் பழகுவதற்கு, பயிற்சி கேட்டு இப்படி அழைப்பு வருவது எனக்குப் பழகிப்போன ஒன்று. ஏன் திடீரென்று என்று கேட்டால், கொஞ்சம் தயங்கிவிட்டு ஒரு பிள்ளையின் கதையைச் சொல்வார்கள்.

கடைசியாகக் கேட்டது கொழும்பு வடக்கில் 16 வயதுப் பொடியன் ஒருவனின் கதை. ஆளை அடையாளம் காண முடியாதபடி சில விவரங்களை மாற்றியிருக்கிறேன். சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டுப் பெறுபேற்றுக்குக் காத்திருந்தவன். கணினி, தலைமைத்துவம், சிங்களம் பேசப் பழகுதல் என்று ஒரு வார இறுதித் திட்டத்தில் சேர்ந்திருக்கிறான். முதலில் ஒழுங்காக வந்தான், பிறகு பிந்தி வந்தான், அப்புறம் இடையிடையே வராமல் விட்டான். ஒரு சனிக்கிழமை முக்கால் மணி நேரம் பிந்தி வந்து, மேசையில் தலையை வைத்துத் தூங்கியும்விட்டான். பொறுப்பாக இருந்த கள உத்தியோகத்தர் எல்லார் முன்னாலும் எழுப்பி நிறுத்தி, "தூங்கணும்னா வீட்டுக்குப் போ. உன் இடத்துக்கு வர எவ்வளவோ பேர் இருக்காங்க" என்றார். போனவன் போனவன்தான். வரவு 80 வீதத்துக்குக் குறைந்துவிட்டதென்று பெயரையும் வெட்டிவிட்டார்கள். அப்பாவுக்கு வேலை போய்விட்டது, பொடியன் நடுச்சாமத்துக்குப் பிறகு பேலியகொடை மெனிங் சந்தையில் மரக்கறி மூட்டை இறக்கிவிட்டு அப்படியே வகுப்புக்கு வந்துகொண்டிருந்தான் என்பது, பெயர் வெட்டிய பிறகுதான் அலுவலகத்துக்குத் தெரிந்தது.

அந்த உத்தியோகத்தரைக் குற்றவாளியாக்கி, அவருக்கு ஒரு செயலமர்வு வைத்தால் சரியாகிவிடும் என்று நினைக்கிறார்கள். நான் அவரோடும் கதைத்தேன். இருபதுகளின் தொடக்கத்தில் இருக்கும் பிள்ளை. ஆறு மாத ஒப்பந்தம். போன மாதச் சம்பளம் அப்போதும் வந்திருக்கவில்லை. மூன்று நிலையங்களைத் தனி ஆளாகப் பார்க்கிறார். வேலைக்குச் சேர்ந்தபோது அவருக்குச் சொல்லிக் கொடுத்தது வரவுப் பதிவேட்டை நிரப்புவதையும் புகைப்படம் எடுத்து அனுப்புவதையும் மட்டும்தான். வரவு குறைந்தால் நன்கொடையாளருக்கு யார் பதில் சொல்வது என்று இணைப்பாளர் வாட்ஸ்அப் குழுவில், எல்லாரும் பார்க்கத்தக்கதாக, அவரைக் கேட்டிருக்கிறார். வெள்ளிக்கிழமை இரவு அவர் வாங்கியதைச் சனிக்கிழமை காலை பொடியனுக்குக் கொடுத்துவிட்டார். இதற்கு என்னிடம் ஒரு நாள் மருந்து கிடையாது.

அலுவலகத்தில் உத்தியோகத்தர்கள் எப்படி நடத்தப்படுகிறார்களோ, அதே விதத்தில்தான் பிள்ளைகளை நடத்துவார்கள். இந்த வேலையில் இருக்கும் எல்லாருக்கும் இது தெரியும். இருந்தும் திட்டத்தை எழுதும்போது யாரும் இதைக் கணக்கில் எடுப்பதில்லை.

என்னை அதிகம் கோபப்படுத்துவது இன்னொன்று. "இப்படி இரக்கம் பார்த்தா தலையில ஏறி உட்கார்ந்திருவாங்க மிஸ்." பணிப்பாளர் சொல்வார், அதிபர் சொல்வார், சில நேரம் பெற்றோரும் சொல்வார்கள். ஒத்துணர்வு என்றால் விதியைத் தளர்த்துவது, பிழையைக் கண்டுகொள்ளாமல் விடுவது, கேட்டதையெல்லாம் கொடுப்பது என்றே எல்லாரும் நினைத்துக்கொண்டிருக்கிறார்கள். ஒன்பது மணிக்கு வகுப்பு என்றால் ஒன்பது மணிக்குத்தான் வகுப்பு. அதை மாற்றச் சொல்லி நான் ஒருபோதும் சொல்லவில்லை. பிந்தி வந்த பிள்ளையிடம் எங்கே வைத்துக் கதைக்கிறீர்கள், முதலில் எதைக் கேட்கிறீர்கள், கிடைத்த பதிலை வைத்து என்ன செய்கிறீர்கள் என்பதைத்தான் மாற்றச் சொல்கிறேன். வகுப்பு முடிந்த பிறகு, தனியாக, கதவு திறந்திருக்கும் இடத்தில், "மூணு கிழமையா பிந்தி வாறீங்க. களைச்சும் இருக்கீங்க. என்ன நடக்குது?" என்று கேட்டுவிட்டு வாயை மூடிக்கொண்டு இருங்கள். பதில் வரக் கொஞ்ச நேரமாகும். சந்தைக்குப் போகிறேன் என்று சொன்னால், பிற்பகல் குழுவுக்கு மாற்றலாமா என்று பாருங்கள். மாற்ற முடியாவிட்டால் முடியாதென்று சொல்லுங்கள். "வரவு குறைஞ்சா சான்றிதழ் தர ஏலாது, அதை என்னால மாத்த முடியாது. ஆனா உங்க இடத்தை நான் வேற ஆளுக்குக் கொடுக்க மாட்டேன்." இந்த வார்த்தைகளில் எந்த விதி தளர்ந்தது? பொடியன் எப்படித் தலையில் ஏறுவான்? தன்னை ஒரு ஆளாக மதித்துக் கேட்ட இடத்துக்குத்தான் பிள்ளைகள் திரும்பி வருகிறார்கள்.

கார்ல் ரொஜர்ஸ் என்ற உளவியலாளர் 1950களிலேயே ஒத்துணர்வு என்றால் என்ன என்பதைத் தெளிவாக வைத்துவிட்டார். மற்றவரின் உலகத்தை அவராகவே இருப்பதுபோல உணர வேண்டும், ஆனால் அந்த 'போல' என்பது ஒருபோதும் கைவிட்டுப் போகக் கூடாது. அது கைவிட்டுப்போன உத்தியோகத்தர்களையும் நிறையப் பார்க்கிறேன். பிள்ளையோடு சேர்ந்து அழுவார்கள். சொந்தச் சம்பளத்தில் பஸ் காசு கொடுப்பார்கள். இரவு ஒரு மணிக்கும் ஃபோன் எடுப்பார்கள். ஆறாம் மாதம் வேலையை விட்டுவிட்டுப் போய்விடுவார்கள். அந்தப் பிள்ளைக்கு நம்பிய இன்னொரு ஆளும் காணாமல் போய்விடும். கல்நெஞ்சுக்காரர்களைவிட இப்படிப்பட்ட நல்ல மனதுக்காரர்களுக்குத்தான் எல்லை போடச் சொல்லிக் கொடுக்க வேண்டியிருக்கிறது.

அடிக்கக் கூடாதென்று எல்லாருக்கும் தெரியும். பாடசாலைகளில் உடல் தண்டனை கூடாதென்று கல்வி அமைச்சின் சுற்றறிக்கை 2005இலேயே வந்துவிட்டது. வார்த்தையால் அடிப்பதைப் பற்றி மட்டும் ஏன் யாரும் கவலைப்படுவதில்லை? "தோட்டத்துப் பொடியனுங்க இப்படித்தான்", "அடுக்குமாடியில இருந்து வாற பிள்ளைங்களா, தெரியும்தானே" என்று ஏழைக் குடியிருப்புப் பிள்ளைகளைப் பற்றிப் பேசும் பேச்சை அலுவலகத்துக்குள் அனுமதிக்காதீர்கள். தேநீர் நேரத்தில் சொல்வதுதான் வகுப்பில் முகத்தில் தெரியும்.

கொட்டாஞ்சேனையில் இப்போது 16, 17 வயதில் இருக்கும் பிள்ளையின் காலக்கணக்கைப் பாருங்கள். 2019 ஏப்ரல் 21இல் கொச்சிக்கடை அந்தோனியார் கோயிலில் குண்டு வெடித்தபோது அது ஆரம்ப வகுப்புப் பிள்ளை. 2020இல் ஊரடங்கு, மாதக்கணக்கில் பாடசாலை இல்லை, வீட்டில் ஒரே ஒரு ஃபோன். 2022இல் எரிவாயு வரிசை, மின்வெட்டு, பெற்றோரின் முகத்தில் பயம். அந்தப் பிள்ளை ஏன் எதையும் நம்புவதில்லை என்று நீங்கள் ஆச்சரியப்படத் தேவையில்லை. உங்கள் இளம் உத்தியோகத்தரும் இதே வருடங்களைத் தாண்டி வந்தவர்தான்.

சில விஷயங்களை நேரடியாகச் சொல்லிவிடுகிறேன்.

பிள்ளை கஷ்டத்தைச் சொல்லத் தொடங்கியதும் "நானும் உன் வயசில..." என்று ஆரம்பிக்காதீர்கள். அந்த நிமிடமே உரையாடல் உங்களுடையதாகிவிடும்.

"யாருக்கும் சொல்ல மாட்டேன்" என்று வாக்குக் கொடுக்காதீர்கள். ஒரு பிள்ளை துஷ்பிரயோகத்தைச் சொன்னால் நீங்கள் சொல்லத்தான் வேண்டும். "உங்களுக்கு ஆபத்து இருந்தா நான் ஒருத்தர்கிட்ட சொல்ல வேண்டி வரும், யார்கிட்ட சொல்றேன்னு உங்களுக்குச் சொல்லிட்டுத்தான் சொல்வேன்" என்று முதலே சொல்லிவையுங்கள். தேசிய சிறுவர் பாதுகாப்பு அதிகார சபையின் இலக்கம் 1929. நீங்களே துப்பறியப் போகாதீர்கள், குற்றம் சாட்டப்பட்டவரை அழைத்து விசாரிக்காதீர்கள்.

உயிரை மாய்த்துக்கொள்ளும் எண்ணம் இருக்குமோ என்று சந்தேகம் வந்தால் நேரடியாகக் கேளுங்கள். கேட்பதால் அந்த எண்ணம் புதிதாக வராது. இந்தப் பயத்தால்தான் பலர் சுற்றிவளைத்துக் கதைத்து நேரத்தைக் கடத்துகிறார்கள். கேட்ட பிறகு அந்தப் பிள்ளையைத் தனியே விடாதீர்கள். 1926க்கு அழையுங்கள், அது தேசிய மனநல நிறுவனத்தின் இலக்கம். மனம் உடைந்தவர்களின் பேச்சைக் கேட்கும் தொண்டு நிறுவனமான சுமித்திரயோவும் இருக்கிறது.

தயவுசெய்து, பிள்ளைகளை மேடையில் ஏற்றி அவர்களின் துயரத்தைச் சொல்லவைப்பதை நிறுத்துங்கள். நன்கொடையாளர் வந்திருக்கிறார் என்று ஒரு பெண்பிள்ளையை எழுப்பி, அப்பா குடித்துவிட்டு அடித்த கதையைச் சொல்லவைத்ததை நானே பார்த்திருக்கிறேன். மண்டபம் கைதட்டியது. அடுத்த நாள் அவள் அதே தெருவில்தான் நடக்க வேண்டும். ரொஜர் ஹார்ட் 1992இல் சிறுவர் பங்கேற்பை 8 படிகளாக வரைந்து காட்டினார். அடியில் உள்ள மூன்று படிகளும், அதாவது பிள்ளைகளைக் கையாளுவதும் அலங்காரமாக நிறுத்துவதும் பெயருக்குச் சேர்ப்பதும், பங்கேற்பே இல்லை என்றார். வரவேற்பு நடனத்துக்கும் மாலை போடுவதற்கும் மட்டும் பிள்ளைகளைக் கூப்பிடும் திட்டங்கள் எந்தப் படியில் நிற்கின்றன என்பதை நடத்துபவர்களே பார்க்கட்டும்.

கொழும்பில் இன்னொரு பிரச்சினை மொழி. கலப்புக் குழுவில் அரை மணி நேரம் சிங்களத்தில் நடக்கும், பிறகு தமிழில் இரண்டு வசனம். தமிழ்ப் பிள்ளைகள் பின்வரிசையில் அமைதியாக இருப்பார்கள். அறிக்கையில் "தமிழ் இளைஞர்களின் பங்களிப்பு குறைவு" என்று எழுதுவார்கள். மொழிபெயர்ப்பாளரைக் கடைசி நேரத்தில் தேடாதீர்கள். சிறு குழு வேலையைத் தாய்மொழியில் விட்டு, முடிவை மட்டும் இரு மொழியிலும் பகிரச் சொன்னாலே அறை மாறிவிடும்.

சரி, உத்தியோகத்தர்களுக்கு என்னதான் செய்வது? விரிவுரை வேண்டாம். அவர்கள் சந்தித்த உண்மையான சம்பவங்களை எடுத்து, எழுந்து நின்று நடித்துப் பார்க்க வேண்டும். கத்தியவராக ஒரு தடவை, கத்து வாங்கிய பிள்ளையாக ஒரு தடவை. இதை அரை நாள் வீதம், சில மாதங்களுக்குப் பரப்பிச் செய்யுங்கள். புதிதாக வந்தவர் முதலில் அனுபவமுள்ள ஒருவரோடு சேர்ந்து களத்துக்குப் போகட்டும். இரண்டு கிழமைக்கு ஒரு தடவையாவது ஒவ்வொருவருக்கும் மேற்பார்வை உரையாடல் வேண்டும். அவரின் ஒப்பந்தத்தை நீடிப்பதா வேண்டாமா என்று முடிவெடுப்பவர் அதை நடத்தக் கூடாது. அப்படியானவரிடம் யாரும் "எனக்கு அந்தப் பொடியன் மேல் கோபம் வருது" என்று உண்மையைச் சொல்ல மாட்டார்கள். அதைச் சொல்ல இடமில்லாவிட்டால் அந்தக் கோபம் பொடியனிடம்தான் போகும்.

பணிப்பாளரும் இணைப்பாளரும் மங்கள விளக்கேற்றிவிட்டுப் போவதாக இருந்தால் நான் வருவதில்லை. நாள் முழுக்க இருந்து, அவர்களும் நடிக்க வேண்டும்.

அடுத்த ஆண்டுக்கான முன்மொழிவை எழுதிக்கொண்டிருப்பவர்கள் டீ-ஷேர்ட், பேனர், நிறைவு விழா என்று எழுதும் வரவு செலவில் மேற்பார்வையாளரின் கொடுப்பனவையும் உத்தியோகத்தர்களின் போக்குவரத்துச் செலவையும் சேர்த்து எழுதுங்கள். நன்கொடையாளர் ஏன் என்று கேட்டால் விளக்குங்கள். தேவையென்றால் நானும் வந்து விளக்குகிறேன். சம்பளத்தைத் திகதிக்குக் கொடுங்கள்.

களத்தில் இருக்கும் தம்பி தங்கச்சிமாருக்கும் ஒன்று. ஒரு பிள்ளையின் கதை இரவு தூங்கவிடாமல் செய்தால் அதை அடுத்த நாளே ஒருவரிடம் சொல்லுங்கள். பெயர் சொல்லாமலும் சொல்லலாம். 1926 உங்களுக்கும் சேர்த்துத்தான், 24 மணி நேரமும் எடுப்பார்கள், தமிழிலும் கதைக்கலாம்.